22.4 திருகோணமலையில் செல்லாது: வாயு மூலக்கூறுகளை எண்ணுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் இரசாயனவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வாயுக்கள் பாடம் தொடங்கினால் ஒவ்வொரு வருடமும் அதே கேள்விகள், அதே பிழைகள். பெரிய பிழை, ஒரு மூல் வாயு எங்கும் 22.4 லீற்றர்தான் என்று நினைப்பது. சில கேள்விகள் பிள்ளைகளுடையவை. சில, அவர்களைக் கூட்டிப்போக வந்து வாசலில் நிற்கும் பெற்றோருடையவை. இந்த முறை எழுதியே வைத்துவிட்டேன். இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு சொல்: நாங்கள் அமுக்கம் என்பதை நீங்கள் அழுத்தம் என்பீர்கள், எங்கள் கனவளவு உங்கள் பருமன், எங்கள் மூல் உங்கள் மோல், எங்கள் திணிவு உங்கள் நிறை. மற்றதெல்லாம் ஒன்றுதான்.

கண்ணுக்கே தெரியாத மூலக்கூறை எப்படி எண்ணுவது?

நேரே எண்ணுவதில்லை. கோயில் உண்டியல் திறந்தால் பத்து ரூபாய்க் குற்றிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. ஒரு குற்றியின் எடை தெரிந்தால் முழுக் குவியலையும் தராசில் போட்டு எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம். வாயுவில் அந்த ஒரு குற்றியின் எடைகூடத் தேவைப்படாது. மூன்றே அளவுகள் போதும்: அமுக்கம், கனவளவு, வெப்பநிலை.

மூல் என்பது டசின்போல ஒரு எண்ணும் கட்டு, ஒரு கட்டில் 6.022 × 10²³ மூலக்கூறு. இலட்சிய வாயு என்பது, மூலக்கூறுகள் தாமாக இடம் பிடிக்காது, ஒன்றையொன்று கவனிக்காது என்று வைத்துக்கொள்ளும் வாயு. இலட்சிய வாயுச் சமன்பாடு சொல்வது இவ்வளவுதான்: அமுக்கத்தைக் கனவளவால் பெருக்கினால் வருவதும், மூல் எண்ணிக்கையை வாயு மாறிலியாலும் வெப்பநிலையாலும் பெருக்கினால் வருவதும் சமம். பிள்ளைகள் 'பீ வீ ஈக்குவல் என் ஆர் டீ' என்று பாட்டுப்போல ஒப்புவிப்பார்கள். வாயு மாறிலி 8.314. அமுக்கம் × கனவளவை, 8.314 × வெப்பநிலையால் பிரித்தால் மூல் எண்ணிக்கை. அதை அவகாதரோ மாறிலியான 6.022 × 10²³ ஆல் பெருக்கினால் மூலக்கூறுகளின் எண்ணிக்கை.

ஒரு உதாரணம் போட்டுக் காட்டுங்கள்.

பிறந்தநாள் பலூன் ஒன்று, 3 லீற்றர். வெளியே 30 பாகை, அதாவது 303 கெல்வின். அமுக்கம் 101.3 கிலோபஸ்கால் என்று எடுப்போம். றப்பர் இறுக்கிப் பிடிப்பதால் உள்ளே கொஞ்சம் கூடத்தான் இருக்கும், அதை விடுவோம்.

101.3 × 3 = 303.9. கீழே 8.314 × 303 = 2519. பிரித்தால் 0.1206 மூல். மூலக்கூறுகள் 7.3 × 10²².

கிலோபஸ்காலை லீற்றரால் பெருக்கினால் நேரே யூல் வரும். எனவே கனமீற்றருக்கு மாற்றும் வேலை மிச்சம். இந்தச் சுருக்குவழியை வகுப்பில் முதல் நாளே சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் பத்தின் அடுக்கில் ஒரு 1000 எங்காவது தொலைந்து, ஒரு பலூனுக்குள் ஆயிரம் பலூனின் காற்று ஏறிவிடும்.

ஏன் இந்தச் சுற்று? ஒரு மூல் வாயு 22.4 லீற்றர்தானே?

இந்தப் பக்கத்தை நான் எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான்.

22.4 என்பது 0 பாகை செல்சியசில், ஒரு வளிமண்டல அமுக்கத்தில் உள்ள எண். திருகோணமலையில் எந்த நாளில் 0 பாகை வந்தது? மார்கழி வாடைக் காற்றில் போர்த்திக்கொண்டு படுக்கும் இரவில்கூட இருபதுக்குக் கீழே போவது அருமை. எங்கள் 30 பாகையில் ஒரு மூல் வாயு பிடிக்கும் இடம் 24.9 லீற்றர். 22.4 என்ற எண், பாவம், இந்த ஊரில் ஒரு நாளும் உண்மையாக இருந்ததில்லை. ஆனால் சாதாரண தரத்திலிருந்தே பிள்ளைகளின் வாயில் அது பழகிவிட்டது.

ஒரு சின்னப் பரிசோதனையில் இது எப்படி உதைக்கும் என்று பாருங்கள். மக்னீசியம் நாடாவில் ஒரு துண்டு, 0.040 கிராம். அதைச் செப்புக் கம்பியில் சுற்றி, ஐதான ஐதரோக்குளோரிக்கமிலத்தின் மேல் நீர் நிரப்பிய அளவியில் (கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாய்) விட்டுத் தலைகீழாகக் கவிழ்த்தாயிற்று. அமிலம் மெல்ல இறங்கி நாடாவைத் தொட்டதும் பால்போலக் குமிழி கிளம்பும். நாடா கரைந்து, குமிழி அடங்கி, உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டத்தைச் சமப்படுத்தி வாசித்தால் 42.7 மில்லிலீற்றர் ஐதரசன். ஒரு மக்னீசியம் அணுவுக்கு ஒரு ஐதரசன் மூலக்கூறு. ஆக, ஐதரசனை எண்ணினால் மக்னீசியத்தையும் எண்ணியதாகும்.

ஒரு பிள்ளை 42.7 ஐ 22,400 ஆல் பிரித்தாள். 0.001906 மூல். 0.040 ஐ அதனால் பிரித்தால் மக்னீசியத்தின் அணுத்திணிவு 21.0. கொப்பியையும் ஆவர்த்தன அட்டவணையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சேர், இது நியோனும் இல்லை, சோடியமும் இல்லை, ரெண்டுக்கும் நடுவில நிக்குது."

சரி, வெப்பநிலையைத் திருத்தினோம். 24.9 லீற்றர் என்று போட்டால் 23.3. இப்போது சோடியத்தைத் தாண்டிவிட்டது, ஆனால் 24.3 இன்னும் வரவில்லை. மிச்சப் பிழை எங்கே? குழாய்க்குள் ஐதரசன் தனியே இல்லை. நீரின் மேல் சேர்த்ததால் நீராவியும் கூட இருக்கிறது. 30 பாகையில் நீரின் நிரம்பல் ஆவியமுக்கம் 4.2 கிலோபஸ்கால். 101.3 இலிருந்து அதைக் கழித்தால் ஐதரசனின் பங்கு 97.1. அந்த அமுக்கத்தோடு கணக்கைத் திரும்பப் போட்டால் 0.001646 மூல், அணுத்திணிவு 24.3. ஐதரசன் மூலக்கூறுகள் 9.9 × 10²⁰.

அதே அளவி, அதே நாடா, அதே வாசிப்பு. ஒரு மூலகத்திலிருந்து இன்னொரு மூலகத்துக்கு நகர வைத்தது வெப்பநிலையும் ஈரமும்தான். குளிர்நாட்டுப் புத்தகத்தில் அறை வெப்பநிலை 20 பாகை என்றிருந்தால் ஆவியமுக்கம் 2.3 தான், மறந்தாலும் அடி சிறிது. எங்கள் ஊரில் அது இருமடங்குக்குக் கிட்ட.

இன்னொன்று. நியம அமுக்கத்தை 1982 இல் 1 வளிமண்டலத்திலிருந்து 100 கிலோபஸ்காலுக்கு மாற்றினார்கள். அந்தக் கணக்கில் 0 பாகையில் ஒரு மூல் 22.7 லீற்றர். இரண்டு புத்தகத்தில் இரண்டு எண் இருக்கிறதே என்று திகைப்பவர்களுக்கு இதுதான் விளக்கம். இரண்டும் சரி, இரண்டும் இங்கே உதவாது.

வெப்பநிலையை ஏன் கெல்வினில் போட வேண்டும்?

கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வேறுபடும். 40 பாகையில் ஒரு கிணறு இருக்கிறது என்று வைப்போம். அது 20 பாகை நீரைவிட இருமடங்கு சூடா? இல்லை. 0 பாகை என்பது நீர் உறையும் இடம் மட்டும். மூலக்கூறுகள் அங்கே நின்றுவிடுவதில்லை. உண்மையான பூச்சியம் அதற்கும் 273.15 பாகை கீழே. அங்கிருந்து அளந்தால் 313 இற்கும் 293 இற்கும் உள்ள விகிதம் 1.07 தான்.

டயருக்கு 40 பி.எஸ்.ஐ அடித்தால் அதுதான் உள்ளே உள்ள அமுக்கமா?

இல்லை. மானி காட்டுவது வெளியே உள்ளதைவிட எவ்வளவு கூட என்பதை. டயர் காற்றுப் போய்ச் சப்பையாகக் கிடக்கும்போதும் மானி பூச்சியம் காட்டும், ஆனால் உள்ளே ஒரு வளிமண்டலம் இருக்கத்தான் செய்கிறது. 40 பி.எஸ்.ஐ என்பது 276 கிலோபஸ்கால். அதோடு 101 ஐக் கூட்டி 377 என்று எடுத்தால்தான் எண்ணிக்கை சரி. கூட்ட மறந்தால் நாலில் ஒரு பங்குக்கு மேல் மூலக்கூறுகளைக் காணாமல் போக்கிவிடுவீர்கள்.

காலையில் 27 பாகையில் காற்றடித்த சைக்கிளை மத்தியானம் கடற்கரை வெயிலில் விட்டுவிட்டு வந்தால் டயர் 55 பாகைக்குச் சூடேறலாம். மூலக்கூறு எண்ணிக்கை மாறவில்லை, கனவளவும் ஏறக்குறைய அதேதான். 377 ஐ 328 ஆல் பெருக்கி 300 ஆல் பிரித்தால் 412, அதாவது மானியில் 45 பி.எஸ்.ஐ. கெல்வினையும் மறந்து வளிமண்டலத்தையும் மறந்து 40 × 55 ÷ 27 என்று போட்டவர்களுக்கு 81 வரும். அப்படி உண்மையில் ஏறினால் உள்துறைமுக வீதி முழுக்க ரியூப் வெடிக்கும் சத்தம்தான் கேட்கும்.

நிலாவெளியில் சுழியோடிகள் முதுகில் கட்டும் சிலிண்டருக்குள் எத்தனை மூலக்கூறு?

எனக்கு மிகப் பிடித்த கணக்கு. வழக்கமான ஒரு சிலிண்டரின் உள்கனவளவு 12 லீற்றர், அமுக்கம் 200 பார், அதாவது 20,000 கிலோபஸ்கால். உள்ளே இருப்பது சாதாரணக் காற்று. பலர் அதை 'ஒட்சிசன் சிலிண்டர்' என்கிறார்கள். தூய ஒட்சிசனை 20 மீற்றர் ஆழத்துக்குக் கொண்டுபோய்ச் சுவாசித்தால் வலிப்பு வந்துவிடக்கூடும்.

20,000 × 12 = 240,000. கீழே 2519. வருவது 95 மூல், 5.7 × 10²⁵ மூலக்கூறு. காற்றின் சராசரி மூலர்த்திணிவு 29 கிராம். 95 × 29 = 2,755 கிராம். அதாவது காற்று மட்டும் இரண்டே முக்கால் கிலோ.

இதைச் சொன்னால் வகுப்பில் ஒருவரும் நம்பமாட்டார்கள். காற்றுக்கு அவ்வளவு பாரமா என்பார்கள். அண்ணன் சுழியோடப் போகிற மாணவன் ஒருவன் இதைச் சோதித்தே பார்த்துவிட்டான். மீன் நிறுக்கும் கொளுக்கித் தராசில், திரையில் எண் காட்டும் வகை, நிரப்பிய சிலிண்டரைத் தூக்கிவைத்து ஒரு வாசிப்பு. அண்ணன் கடலுக்குப் போய்வந்த பிறகு மிச்சக் காற்றையும் திறந்துவிட்டு இன்னொரு வாசிப்பு. வித்தியாசம் 2.6 கிலோ என்று கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தான். கொப்பித் தாளில் கொஞ்சம் உப்புநீரும் இருந்தது.

2.6 இற்கும் 2.75 இற்கும் இடையே உள்ள இடைவெளி தராசின் பிழை மட்டுமில்லை. 200 பாரில் காற்று முழுதாக இலட்சிய வாயுவாக நடப்பதில்லை. அந்த நெருக்கத்தில் மூலக்கூறுகள் தாமே கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சமன்பாடு சொல்வதைவிட 3, 4 வீதம் குறைவாகத்தான் உள்ளே போகும். திருத்தினால் 2.65 கிலோ. மீன் தராசுக்கு இது போதும்.

நிரப்பும்போது 200 காட்டிய சிலிண்டர் கொஞ்ச நேரத்தில் 185 காட்டுகிறது. கசிவா?

பெரும்பாலும் இல்லை. வேகமாக நிரப்பினால் சிலிண்டர் கையில் சுடும். 55 பாகையில் 200 பார் இருந்தது 30 பாகைக்கு ஆறினால் 200 × 303 ÷ 328, அதாவது 185. மூலக்கூறு ஒன்றுகூட வெளியே போகவில்லை. அதனால்தான் சில இடங்களில் மெதுவாக நிரப்புகிறார்கள், அல்லது ஆறியபின் மேலே கொஞ்சம் ஏற்றிவிடுகிறார்கள்.

ஆழத்தில் காற்று ஏன் சீக்கிரம் முடிகிறது?

ஒரு மூச்சின் கனவளவு எங்கும் ஏறக்குறைய அரை லீற்றர்தான். ஆனால் கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டலம் கூடும். 20 மீற்றரில் அமுக்கம் மூன்று மடங்கு, எனவே அதே அரை லீற்றருக்குள் மூன்று மடங்கு மூலக்கூறுகள். மேலே ஒரு மூச்சில் 1.2 × 10²², அங்கே 3.6 × 10²². உடம்பு கேட்பது அவ்வளவு ஒட்சிசன் இல்லை, ஆனாலும் சிலிண்டர் கொடுத்துத்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சு விரியாது.

மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் பிடிப்பவருக்கு 12 லீற்றர் சிலிண்டர் இரண்டு மணித்தியாலம் வரும். 20 மீற்றரில் 40 நிமிடம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. அங்கே ஆறு மடங்கு. 20 நிமிடம்கூட இல்லை, திரும்பி ஏறுவதற்கும் அதிலேயே மிச்சம் வைக்க வேண்டும். அந்த ஆழத்தில் நைதரசனின் பகுதியமுக்கமும் ஆறு மடங்கு என்பதால் தலை மயங்கி, குடித்தவர்போல நடக்கத் தொடங்குவார்கள் என்பது தனிக் கதை.

எந்த வாயு என்று கேட்காமலே எண்ணிக்கை சொல்கிறீர்களே, அது எப்படி?

ஐதரசன் மூலக்கூறு 2, நைதரசன் 28. பதினான்கு மடங்கு பாரமான ஒன்றும் பாரமில்லாத ஒன்றும் சுவரில் ஒரே அமுக்கத்தைக் கொடுக்க முடியுமா? முடியும், ஏனென்றால் பாரமானது மெதுவாகப் போகிறது. 30 பாகையில் நைதரசனின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 520 மீற்றர், ஐதரசனுடையது 1,900 இற்கு மேல். சராசரி இயக்கச்சக்தி இரண்டுக்கும் ஒன்றே. வெப்பநிலை என்பது அந்தச் சக்தியின் அளவுதான். கனமானது குறைந்த தடவை, ஆனால் பலமாக முட்டும். இலேசானது மென்மையாக, ஆனால் பல தடவை முட்டும். கூட்டிப் பார்த்தால் சமம். எனவே அமுக்கத்துக்குத் தலை எண்ணிக்கைதான் முக்கியம், தலையின் பாரம் இல்லை.

இதை 1811 இலேயே ஊகித்தவர் இத்தாலியரான அவகாதரோ. ஒரே அமுக்கம், ஒரே வெப்பநிலை, ஒரே கனவளவு என்றால் எந்த வாயுவானாலும் ஒரே எண்ணிக்கை என்றார். அந்த எண்ணிக்கை எவ்வளவு என்று அறியாமலே 1856 இல் இறந்துபோனார்.

மூல் வேண்டாம், நேரே மூலக்கூறு எண்ணிக்கை வர வழி உண்டா?

உண்டு. 8.314 இற்குப் பதிலாக போல்ட்ஸ்மான் மாறிலி 1.380649 × 10⁻²³ ஐப் போடுங்கள், இந்த முறை பஸ்காலும் கனமீற்றரும். வாயு மாறிலியை அவகாதரோ மாறிலியால் பிரித்ததுதான் அது. பௌதிகவியல்காரர் இதைத்தான் விரும்புவார்கள்.

மத்தியான வகுப்பில் நித்திரை வருவது காற்றுக் குறைவதாலா?

நித்திரைக்கு வேறு காரணங்கள் உண்டு, என் குரலும் அதில் ஒன்று. ஆனால் காற்றுக் குறைவது உண்மை.

என் வகுப்பறை 6 மீற்றர் நீளம், 5 அகலம், 3 உயரம்: 90 கனமீற்றர். மேலே தகரம். காலை ஏழு மணிக்கு 26 பாகை, பின்னேரம் இரண்டு மணிக்கு 35. யன்னல் திறந்திருப்பதால் அமுக்கம் வெளியே உள்ளதுபோலவே இருக்கும். கனவளவும் மாறாது. எனவே வெப்பநிலை ஏறினால் மூலக்கூறு எண்ணிக்கை இறங்கியே ஆக வேண்டும்.

காலையில் 3,667 மூல். பின்னேரம் 3,560. வெளியே போனது 107 மூல், மூன்று கிலோவுக்கு மேல் காற்று. மேலே சொன்ன சுழியோடியின் நிரம்பிய சிலிண்டரில் இருந்தது 95. ஒரு முழுச் சிலிண்டருக்கும் கூடுதலான காற்று, ஒருவருக்கும் தெரியாமல், யன்னலால் எழுந்து போயிருக்கிறது. மாணவர்கள் சிலரும் அப்படித்தான் போவார்கள்.

மாரியில் ஈரக் காற்று பாரமாக இருக்குமா?

உடம்புக்குப் பாரமாகத் தெரியும், தராசுக்கு இலேசு. ஒரே அமுக்கம், ஒரே வெப்பநிலை என்றால் மொத்த எண்ணிக்கை ஒன்றுதான். நீராவி உள்ளே வந்தால் அந்த அளவு நைதரசனும் ஒட்சிசனும் இடம்விட வேண்டும். 29 போய் 18 வருகிறது. சாரீரப்பதன் (காற்று கொள்ளக்கூடிய நீராவியில் உள்ள பங்கு) 80 வீதம், 30 பாகை என்றால் நூறு மூலக்கூறில் மூன்றுக்கு மேல் நீர். ஆடி மாதக் கச்சான் காற்று காய்ந்தது, அதே வெப்பநிலையில் அதுதான் பாரம் கூடியது. (கோணேசர் கோயில் வாசலில் சுருள் சுருளாக விற்பதும் கச்சான்தான், அது நிலக்கடலை, கணக்கில் சேராது.)

சமையல் காஸ் சிலிண்டருக்கும் இந்தக் கணக்குப் போடலாமா?

போடாதீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் திரவம். ஆட்டினால் தளும்புவது கேட்கும். திரவம் இருக்கும் வரை அமுக்கம் இறங்காது, ஆகவே அமுக்கத்தை வைத்து மிச்சத்தைச் சொல்லவும் முடியாது. 12.5 கிலோ முழுவதும் பியூற்றேன் என்று வைத்தால் திணிவை 58 ஆல் பிரித்து 215 மூல் என்று சொல்லலாம். அது தராசின் வேலை.

சீனக்குடாவின் வெறும் எண்ணெய்த் தாங்கிக்குள் எவ்வளவு காற்று?

வாசலில் நின்ற ஒரு தகப்பன் கேட்டது. பிரித்தானியர் காலத்துத் தாங்கிகள் மொத்தம் 99, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கனமீற்றர் கொள்ளும். வெறுமையாக, 30 பாகையில்: 4.8 இலட்சம் மூல். கிட்டத்தட்ட 14 தொன் காற்று, 2.9 × 10²⁹ மூலக்கூறு. "வெறும் தாங்கி" என்று சொல்வதை அவர் அன்றோடு விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

இலட்சிய வாயு என்று உண்மையில் ஒன்று உண்டா?

இல்லை. ஆனால் சாதாரணக் காற்று சாதாரண அமுக்கத்தில் அதற்கு மிகக் கிட்ட. 30 பாகையில் ஒரு கனசெந்திமீற்றரில் 2.4 × 10¹⁹ மூலக்கூறு. ஒன்றுக்கு ஒன்று சராசரித் தூரம் 3.5 நனோமீற்றர், மூலக்கூறின் குறுக்களவைப் போல ஒன்பது பத்து மடங்கு. அவ்வளவு விலகி நிற்கும்போது ஒன்றையொன்று கவனிக்காது. பிழை ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. அமுக்கம் கூடினால், அல்லது திரவமாகும் அளவுக்குக் குளிர்ந்தால், மூலக்கூறு பிடிக்கும் இடத்தையும் ஒன்றையொன்று இழுப்பதையும் கணக்கில் எடுக்கும் வந்தர்வால்சின் திருத்தம் தேவைப்படும். இன்னொரு பொறியும் உண்டு: நைதரசனீரொட்சைட்டு போன்றவை இரண்டு மூலக்கூறு சேர்ந்து ஒன்றாகும், திரும்பப் பிரியும். அங்கே சமன்பாடு சரியாகத்தான் எண்ணும், நீங்கள் எதை எண்ணுகிறீர்கள் என்பதுதான் குழம்பும்.

6.022 × 10²³ ஐ யார் எண்ணினார்கள்?

1865 இல் ஒஸ்திரியரான லொஷ்மிட் ஒரு மூலக்கூறு எவ்வளவு பெரியது என்று முதலில் மதிப்பிட்டார். நம்பத்தகுந்த எண் வந்தது பிரான்சின் ஜோன் பெரனிடமிருந்து. அவர் செய்தது அழகான வேலை. ஒரு மரப்பிசினை நீரில் மிக நுண்ணிய, ஒரே அளவான மணிகளாக்கி, நுணுக்குக்காட்டியின் கீழ் எந்த உயரத்தில் எத்தனை மணி மிதக்கிறது என்று எண்ணினார். மலை ஏற ஏறக் காற்று ஐதாவதுபோல, அந்த மணிகளும் உயரத்தோடு குறைந்துகொண்டு போயின. அந்தக் குறைவின் வேகத்திலிருந்து மாறிலியைக் கணித்தார். 1909 இல் அதற்கு அவகாதரோவின் பெயரை வைத்தவரும் அவரே. 1926 இல் நோபல் பரிசு. அந்தப் பிசின் எங்கள் கொரக்காப்புளியின் இனத்து மரமொன்றிலிருந்து வருவது என்பதை மீன்கறி வைப்பவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

2019 மே 20 முதல் இது அளக்கப்படும் எண் இல்லை, வரையறுக்கப்பட்ட எண்: 6.02214076 × 10²³, சரியாக.

அந்த எண்ணிக்கையை மனதில் பிடிக்க வழி உண்டா?

சுண்டுவிரல் நுனியளவு காற்றை, ஒரு கனசெந்திமீற்றரை, எடுங்கள். உலகத்தின் 800 கோடிப் பேரும், பச்சைக் குழந்தை உட்பட, செக்கனுக்கு ஒன்றாக, நித்திரையில்லாமல் எண்ணினால் 96 வருடம் ஆகும்.

பழைய காலத்து மனிதர் விட்ட மூச்சு இப்போதும் எங்கள் மூச்சில் இருக்கிறதாமே?

இருக்கிறது, கணக்கே போடலாம். எங்கள் ஊர் ஆளாக ஒருவரை எடுப்போம். 1660 இல் பாய்மரம் இழந்த கப்பலோடு கொட்டியாரக் குடாவில் ஒதுங்கி, கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டவர் ஆங்கில மாலுமி ரொபேர்ட் நொக்ஸ். பிடிபட்ட அன்று அவர் விட்ட ஒரு பெருமூச்சு: அரை லீற்றர் என்றே வைப்போம், 1.2 × 10²² மூலக்கூறு. முழு வளிமண்டலத்திலும் உள்ளவை 1.1 × 10⁴⁴. முந்நூற்றறுபது வருடத்தில் அந்த மூச்சு உலகம் முழுக்கக் கலந்திருக்கும். நீங்கள் இப்போது இழுக்கும் அரை லீற்றரில் அதன் பங்கு சராசரி ஒன்றேகால் மூலக்கூறு. ஒட்சிசன் உயிர்களுக்குள் மாறிமாறிப் போய்வருவதால் அதை விட்டு நைதரசனை மட்டும் எண்ணினாலும் மூச்சுக்கு ஒன்று தேறும்.

நொக்ஸ் சிறைப்பட்டிருந்த 1662 இல்தான் பொயில், அமுக்கம் கூடினால் வாயுவின் கனவளவு குறையும் என்ற தன் விதியை வெளியிட்டார். பொயிலுக்கு வளிப்பம்பி செய்துகொடுத்தவர் ரொபேர்ட் ஹூக். 1680 இல் நொக்ஸ் தப்பி லண்டன் சேர்ந்தபோது, அவரது அனுபவத்தை அச்சேற்ற உதவியவரும் அதே ஹூக்தான். கொட்டியாரக் குடாக் கரையில் உள்ள மூதூருக்கும் வாயு விதிக்கும் இவ்வளவு கிட்டத்தில் உறவு இருக்கிறது என்று தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பரீட்சையில் எத்தனை தசமதானம் எழுத வேண்டும்?

அளந்த அமுக்கம் மூன்று இலக்கம் என்றால் விடையும் மூன்று. கல்குலேற்றர் காட்டும் பத்து இலக்கத்தையும் எழுதினால் நீங்கள் ஒவ்வொரு மூலக்கூறையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருக்கும்.

அப்படியானால் நுவரெலியாவில் 22.4 செல்லுமா?

சுற்றுலா போய் வந்த பிள்ளைகள் கேட்டது. குளிர் ஊர், 0 பாகைக்குக் கிட்ட, எனவே 22.4 இற்கும் கிட்டத்தானே வரும் என்பது அவர்கள் எண்ணம். இங்கிருந்து கொண்டுபோன சிப்ஸ் பக்கற் அங்கே உப்பித் தலையணைபோல நின்றதையும் அவர்களே சொன்னார்கள்; விடை அந்தப் பக்கற்றில்தான் இருந்தது. 1,868 மீற்றர் உயரம், அமுக்கம் ஏறத்தாழ 81 கிலோபஸ்கால். வெப்பநிலை 16 பாகை, 289 கெல்வின். 8.314 × 289 ÷ 81 = 29.7 லீற்றர். எங்கள் 24.9 ஐவிட இன்னும் தூரம்.